மருமகன் வாங்கிய ஜெனரேட்டரும் மின்கம்பத்தில் ஏறிய மனிதரும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப்போட்ட பின்னர், பாதை ஓரளவு திறந்ததும் திம்புள்ளயில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். 600-க்கும் மேற்பட்ட உயிர்களை நாடு பறிகொடுத்திருந்த நேரம். தங்கை வீட்டார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியே எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் மண்மேடு சரியவில்லை, கூரை பறக்கவில்லை. அந்தப் பகுதிக்கு அது பெரிய பாக்கியம். மின்சாரம் மட்டும் இல்லை.

ஆனால் வீட்டில் விளக்கு எரிந்தது. 2022-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் மருமகன் வாங்கிய சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் பின்பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை தேநீரைக் கொடுத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “அண்ணே, மூணு நாளா ராவானா தலைய தூக்க முடியல. புள்ளயும் வாந்தி எடுக்குறான். விடிஞ்சா சரியாயிருது” என்றாள். மழையில் நனைந்ததால் வந்த சளி என்று வீட்டிலிருந்த எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

இரவில் வருகிறது, விடிந்தால் போகிறது. எந்தச் சளி இப்படி நேரம் பார்த்து வரும்? எழுந்துபோய்ப் பின்பக்கத்தைப் பார்த்தேன். விறகு அடுக்கும் சிறு தகரக் கொட்டிலுக்குள், குசினிச் சன்னலுக்கு நேர்கீழே, மழை படாமல் பத்திரமாக அந்த இயந்திரம் வைக்கப்பட்டிருந்தது. மழையிலிருந்து அதைக் காப்பாற்றியவர்கள், அதனிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. சன்னல் மூடித்தான் இருந்தது. ஆனால் சுவருக்கும் கூரைத் தகரத்துக்கும் இடையில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. மலையகத்தில் எந்த வீட்டில்தான் அந்த இடைவெளி இல்லை?

அன்று மாலை நடந்ததுதான் இதை எழுதவைக்கிறது. ஏறத்தாழ ஆறு மணிக்கு மருமகன் இயந்திரத்தை இயக்கினான். ஒரு நிமிடத்தில் அது திணறி நின்றது. கயிற்றை மறுபடி இழுத்தான். மறுபடி திணறி நின்றது. எண்ணெய் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தான். பாதித் தாங்கிக்கு மேல் இருந்தது. மூன்றாம் முறை இழுக்கப் போகும்போது வாசலில் சத்தம் கேட்டது. தெருவளைவில் அறுந்த கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்த மின்சாரத் தொழிலாளர்களில் ஒருவர், சேறு படிந்த மழைச்சட்டையோடு மூச்சிரைக்க நின்றார். சிங்களத்தில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: மிசின் ஓடுவது இந்த வீட்டிலா?

மருமகன் செய்திருந்தது இதுதான். ஒரு வயரின் இரு முனையிலும் பிளக் பூட்டி, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள மின்குதையிலும் செருகியிருந்தான். வீடு முழுவதும் ஒரே வயரில் வெளிச்சம்! மெயின் சுவிட்சை முதலில் இறக்கிவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் இறக்கியும் இருக்கிறான். அன்றைக்கு மறந்துவிட்டான். போய்ப் பார்த்தபோது சுவிட்ச் மேலேயே நின்றது. கம்பத்தில் ஏறுமுன் அந்தத் தொழிலாளர்கள் முறைப்படி கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்து நிலத்தொடுப்புச் செய்திருந்தார்கள். அதனால்தான் நம் வீட்டு இயந்திரம் திணறியது. அந்த வேலையை அவர்கள் அவசரத்தில் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

“மாமா, நம்ம மிசின் சின்னது. அவ்வளவு தூரம் கரண்ட் போகுமா?” என்று மருமகன் கேட்டான். படித்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். தெருவில் இருக்கும் மின்மாற்றி 11,000 அல்லது 33,000 வோல்ட்டை நம் வீட்டுக்கேற்ற 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. அது ஒருவழிப்பாதை அன்று. இந்தப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால் அந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கும். பக்கத்து வீடுகளின் சுமையைத் தாங்காமல் சிறிய இயந்திரம் தானாக நின்றுவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வழமையான மின்வெட்டு நாளில் அது பெரும்பாலும் நடக்கும். ஆனால் டர்பன்டைன் மரம் விழுந்து கம்பி அறுந்த நாளில் அந்தப் பக்கத்து வீடுகளே நம் கம்பியோடு இணைப்பில் இல்லாமற் போகலாம். சுமை இல்லாத கம்பியில் சிறிய இயந்திரமும் நன்றாகவே ஓடும். கம்பத்தில் ஆள் ஏறுவதும் அதே நாளில்தான். மெயின் சுவிட்ச் மேலே இருக்கும்போது தெரு மின்சாரம் திரும்பி வந்துவிட்டால், எரிவது நம் இயந்திரமும் வீட்டு வயர்களும்.

இதற்கு மருந்து நூதனமானதன்று. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்ற ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் தெரு மின்சாரம், மறு பக்கம் இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருபோதும் சந்திக்க முடியாது. உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி இரண்டையும் சேர்த்து மாற்றும் வகையாக அது இருக்க வேண்டும். மனிதனின் ஞாபகத்தை நம்பாத சுவிட்ச் அது. களைத்துப்போய் இருட்டில் தடுமாறும் மனிதனின் ஞாபகத்தை யார்தான் நம்புவது?

ஜெனரேட்டரை விற்பவர்கள் இதைச் சேர்த்தே விற்க வேண்டும் என்பது என் கருத்து. விற்பவர் பெயர் வேண்டாம். மருமகனுக்கு அந்த இருதலை வயரைச் செய்து கொடுத்ததே இயந்திரம் விற்ற கடைதான். அன்பளிப்பாக! இயந்திரத்தின் மீது ஒட்டியிருந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருந்தது. அரசகரும மொழிகள் இரண்டையும் காணோம். “வீட்டுக்குள் இயக்காதே” என்ற இரண்டு சொற்களைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட எவ்வளவு செலவாகும்?

இனித் தங்கையின் தலைவலிக்கு வருகிறேன். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு (எங்கள் பாடநூல்களில் காபனோரொட்சைட்டு) நிறமும் மணமும் அற்றது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், களைப்பு. உறங்கிவிட்டால் எழும்புவதில்லை. அமெரிக்காவில், நகர்த்திச் செல்லக்கூடிய ஜெனரேட்டர்களின் இந்த வாயுவால் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பேர் இறக்கிறார்கள் என அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைவாய் வீட்டைப் பாராமல் இருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. இந்த வாயுவுக்கு ஜெனரேட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், குளிருக்காக அடுப்புக்கரி கனன்ற தட்டை அறைக்குள் வைத்து உறங்கிய திருச்சி இளைஞர்கள் இருவர் காலையில் எழும்பவில்லை. குளிரும் மூடிய சன்னலும் கொடைக்கானலுக்கு மட்டும் உரியவை அல்லவே.

உயரம் இன்னொரு சங்கதி. திம்புள்ளத் தோட்டங்கள் பெரும்பாலும் 4,000 அடிக்கு மேலே இருக்கின்றன. காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோல் இயந்திரம் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு வலுவை இழக்கும். கொழும்பில் 2,000 வாட் தரும் இயந்திரம் இங்கே 1,700 தந்தால் போதும் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கார்புரேட்டரோ கடல்மட்டக் கணக்கிலேயே எண்ணெயை ஊற்றும், காற்றுப் போதாமல் அது முழுதாக எரியாது, நச்சுவாயு கூடும். கொழும்புக் கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். கேத்தலையும் இஸ்திரிப்பெட்டியையும் அதில் மாட்டுவதை மறந்துவிடுங்கள். நாலு விளக்கு, தொலைபேசி, தேவையென்றால் குளிர்சாதனப்பெட்டி. நிலத்தொடுப்பு, ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றைத் தகுதியுள்ள மின்வினைஞரிடம் விட்டுவிடுங்கள். ஜெனரேட்டரில் ஓடும்போதும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் அவரைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். பல வீடுகளில் வேலை செய்வதில்லை.

எண்ணெயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022-இல் எரிபொருளுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்ற மக்கள், கிடைத்த பெட்ரோலைக் கேன்களில் வீட்டுக்குள்ளே பதுக்கினார்கள். விறகடுப்பு எரியும் குசினியில் பெட்ரோல் கேன்! சூடான இயந்திரத்தை நிறுத்தி ஆறவிடாமல் எண்ணெய் ஊற்றுவதும் அதே வகைத் துணிச்சல்தான்.

ஆனால் இதுவரை நான் சொன்னதெல்லாம் தனிவீட்டுக்காரர்களுக்கு. லயத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது?

ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். பல லயங்களில் தடுப்புச் சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு வீட்டுப் புகை மேலே ஏறி அடுத்த வீட்டுக்குள் இறங்கும். என் வாசலிலிருந்து 20 அடி தள்ளி வைத்தால் அது அயல்வீட்டார் வாசல். எனவே என் வீட்டு வெளிச்சத்துக்காக மூன்றாம் வீட்டுக் குழந்தை தலைவலியோடு படுக்க வேண்டியிருக்கும். லயத்தில் தனி ஜெனரேட்டருக்குப் பாதுகாப்பான இடமே கிடையாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். புதிய தனிவீடுகளுக்குத் தரப்பட்ட 7 பேர்ச் நிலத்தில், 550 சதுர அடி வீடு போக, சரிவான ஒரு மூலையில் வேண்டுமானால் அந்த 20 அடியைத் தேடிப் பிடிக்கலாம்.

இத்தனைக்கும் தோட்டத்தில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். வாட்டிய கொழுந்து பாதியில் நின்றால் அன்றைய தேயிலை பாழ் என்பதால், அங்கே பெரிய டீசல் ஜெனரேட்டர் இருக்கும். அதற்குத் தனிக் கட்டடம், வெளியே நீளும் புகைக்குழாய், மாற்றுச் சுவிட்ச், பொறுப்பான ஓர் ஆள். கொழுந்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தைக் கொழுந்து பறிப்பவரின் வீட்டுக்கும் கொஞ்சம் நீட்டினால் என்ன? பேரிடர் நாட்களில் தோட்ட நிர்வாகம், தொழிற்சாலை ஜெனரேட்டரிலிருந்து ஓர் இணைப்பைப் பிள்ளை மடுவத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ முறையாகக் கொடுத்து, தொலைபேசிகளையும் மின்கல விளக்குகளையும் ஊட்டிக்கொள்ள வழிசெய்யலாம். இரவு வெளிச்சத்துக்கு மின்கலத்தில் எரியும் எல்.ஈ.டி. விளக்கே போதும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்கு இடையில் இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம்.

கேட்கும் உரிமை இந்த மண்ணுக்கு உண்டு. காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கத் தேக்கிய நீர், இந்த மலைகளின் நீர். பழைய லக்சபான நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் 2012-இல் திறக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கங்களைப் பார்த்தபடி இருந்த லயங்கள் பல, எத்தனையோ ஆண்டுகள் குப்பிவிளக்கில்தான் இருந்தன. விளக்கின் அடியில் இருள் என்பதை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் நான் கண்டதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரத்தை நிறுத்தியபோது கொழும்பு கொதித்தது. எங்கள் ஊரில் பலர் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள், அவ்வளவே.

என் தொழிலைப் பற்றியும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். லயத்தில் தீ என்றால் “மின்னொழுக்கே காரணம் எனத் தெரியவருகிறது” என்று ஒரு வரி எழுதிச் செய்தியை முடிப்பது எங்கள் வழக்கம். நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எங்கே ஒழுகியது, எந்த வயர், யார் பொருத்தியது என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பக்கம் நிரம்பினால் போதும் என்றிருந்த காலம்.

மறுநாள் காலை மருமகனும் நானும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, தோட்ட எல்லையில் இருக்கும் கொய்யாமரத்தடிக்கு நகர்த்தினோம். அடி அளந்தோம், இருபத்தாறு. நாலு கம்பும் ஒரு தகரமும் வைத்து மேலே மட்டும் கூரை, பக்கங்கள் திறந்தபடி. புகைவாய் தேயிலைப் பக்கம். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வாங்க அட்டனுக்குப் போய் வரும்வரை, ஒரு நீள வயரில் குளிர்சாதனப்பெட்டியும் இரண்டு விளக்கும் நேரடியாக. இருதலை வயரின் ஒரு பிளக்கை நானே வெட்டினேன். அன்றிரவு பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. தங்கைக்குத்தான் மனத்தாங்கல்: மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்க் கயிறு இழுக்க வேண்டியிருக்கிறதாம்.