கண்ணாடியில் பார்த்தது போதும்



என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டில் தங்கி பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். பரீட்சை வந்தால் வாய்விட்டுத்தான் படிப்பாள். நான் பத்தாவதோடு நின்றவள். "இப்படிக் கத்துறியே, அதுக்கு அர்த்தம்தான் என்னடி?" என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்ட கதை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

விக்டோரியா ராணி காலத்துக் கவிஞர் டென்னிசன் எழுதியதாம். ஷாலட் என்ற தீவில் ஒரு கோபுரம். அதில் ஒருத்தி தன்னந்தனியாக இராப்பகலாய் நெய்துகொண்டே இருக்கிறாள். ஜன்னல் வழியாக ஊரை நேராகப் பார்த்தால் சாபம் பிடித்துவிடும். எதிரே உள்ள கண்ணாடியில் தெரியும் நிழலைத்தான் பார்க்க வேண்டும். ஒருநாள் பொறுக்காமல் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறாள். கண்ணாடி உடைகிறது. படகில் ஏறியவள் ஊர் போய்ச் சேருமுன்பே செத்துப் போகிறாள். யாரைப் பார்க்க எழுந்தாளோ அந்த வீரன் பிணத்தைப் பார்த்து, லட்சணமான முகம், கடவுள் அருள் புரியட்டும் என்கிறான். அவ்வளவுதான்!

1842-ல் பிரவுனிங் வெளியிட்ட ஒரு பாட்டில், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள் என்பதற்காக மனைவியின் கதையை முடித்த பிரபு, அவள் படத்துக்குத் திரை போட்டு வைத்திருக்கிறான். அந்தத் திரையை விலக்க அவனைத் தவிர யாருக்கும் உரிமையில்லை.

இரண்டும் இரக்கப்பட்டு எழுதியதுதான். ஆனால் அடைபட்டவள் தன் கதையைத் தானே சொல்லவில்லையே? செத்த பிறகு ஆம்பிளைகள்தான் பேசுகிறார்கள். அந்தப் பிரவுனிங்கின் மனைவி எலிசபெத்தும் நோயாலும் அப்பாவின் கட்டுப்பாட்டாலும் அறைக்குள் கிடந்தவர்தான். 1846-ல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போனார். 1856-ல் அவர் எழுதிய நெடுங்கதைப் பாட்டில் ஒரு பெண் கவிஞர் தன் கதையைத் தானே சொல்கிறாள். அவள் சாகவில்லை.

இங்கிலாந்து வரை போவானேன்? திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்தவர் கவிஞர் சல்மா. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஜன்னல் வழியே தெரிந்ததுதான் தெரு. புகுந்த வீட்டிலும் எழுதக்கூடாது. ராத்திரியில் கழிவறைக்குள் போய் எழுதி ஒளித்து வைத்தார். அவருடைய அம்மாதான் அதை ரகசியமாக வெளியே அனுப்பினார். (அந்த அம்மாவைத்தான் நான் கும்பிடுவேன்.) 2000-ல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001-ல் பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால் வீட்டாரே உள்ளாட்சித் தேர்தலில் நிறுத்தினார்கள், ஜெயித்தார். 2025-ல் மாநிலங்களவை உறுப்பினர்.

எங்கள் ஓசூருக்கு வருகிறேன். கம்பெனி வேலைக்காக எங்கிருந்தோ வந்த குடும்பங்கள்தான் இங்கே அதிகம். மாடியில் ஒரு போர்ஷன். பக்கத்து வீட்டில் தெலுங்கு, கீழ் வீட்டில் கன்னடம். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம், குக்கர் விசில் கூட வரக்கூடாது. "உனக்கு ஊர் தெரியாது, வெளியே போகாதே" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். எங்கள் கையிலும் ஒரு கண்ணாடி இருக்கிறது, செல்போன்! ஊர் உலகமெல்லாம் அதில் தெரிகிறது, எதிர்வீட்டு அக்கா பேர் தெரியாது.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நானும் நாலு வரி எழுதுவேன். ஒருநாள் அவர் பார்த்துவிட்டார். கோபம் வரவில்லை, முகம்தான் வாடிவிட்டது. "நான் என்ன குறை வெச்சேன்?" என்றார். தனியாக இருக்கிறது என்று ஒருத்தி எழுதினால் அதைப் புருஷன் மேல் புகாராகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? கால் வலிக்கிறது என்று சொன்னால் தைலம் வாங்கி வருகிறார்களே, இதையும் அப்படிக் கேட்டுக்கொண்டால் என்ன? தோழிகளே, உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு தரம் படித்தார். "ரெண்டு இடத்துல எழுத்துப்பிழை இருக்கு" என்றார்.

— ஒரு வாசகி, ஓசூர்