அடுப்படிக்கு எதற்கய்யா குவார்ட்ஸ்?

புதிதாக வீடு கட்டும் ஒரு குடும்பம் மாடுலர் கிச்சன் கடைக்குள் நுழைகிறது. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு சமையல் மேடை, மேலே நாலு லைட். "இது குவார்ட்ஸ் சார். நேச்சுரல் ஸ்டோன். கிரானைட்டை விட ஸ்ட்ராங். மெயின்டனன்ஸே வேண்டாம்" என்கிறார் விற்பவர். அவர் சொன்னதில் ஒன்று பொய், இரண்டு பாதி உண்மை. ஆனால் அம்மாவுக்கு வெள்ளை பிடித்துவிட்டது, பையன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியும் விட்டான். அப்புறம் என்ன, அட்வான்ஸ்தான்.

முதலில் அந்தப் பொய். குவார்ட்ஸ் என்ற பெயரில் கடையில் நிற்கும் பலகை எந்த மலையிலிருந்தும் அறுத்து எடுத்ததல்ல. குவார்ட்ஸ் கல்லை மணலாகவும் மாவாகவும் பொடித்து, பாலியெஸ்டர் பிசினும் சாயமும் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர வைத்து அழுத்தி, சூடேற்றி இறுக வைத்தது. இத்தாலியின் பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. எடையில் 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ், மீதி பிசின். கல்மாவில் சுட்ட பிஸ்கட் என்று வைத்துக்கொள்ளுங்கள். (குவார்ட்சைட் என்று வேறொன்று உண்டு. அது நிஜமாகவே இயற்கைக் கல். இரண்டையும் குழப்பி விற்பவர்களும் உண்டு, பில்லில் என்ன பெயர் எழுதுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.)

"ஸ்ட்ராங்" என்பது பாதி உண்மை. சுலபத்தில் கீறல் விழாது, எண்ணெயை உறிஞ்சாது, சீலர் அடிக்க வேண்டியதில்லை. எல்லாம் சரி. ஆனால் பிசின் இருக்கிறதே! அதற்குச் சூடு ஆகாது. 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறலாம், திடீர்ச் சூட்டில் விரிசலும் விடலாம். சூடான பாத்திரத்தை நேராக மேடையில் வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் அச்சடித்துத்தான் கொடுக்கிறார்கள். கடைக்காரர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது தமிழ்நாட்டு அடுப்படி ஒன்றை நினைத்துப் பாருங்கள். பஜ்ஜி எண்ணெய் 180 டிகிரியில் கொதிக்கிறது. இரும்பு தோசைக்கல் 200ஐ அனாயாசமாகத் தாண்டும். காலை ஏழரை மணி அவசரத்தில் குக்கரை இறக்கி எங்கே வைப்பார்கள்? பக்கத்தில் மேடையில்தான். தாளிப்புக் கரண்டியைச் சாய்த்து வைப்பதும் அங்கேதான். தேங்காயை மேடை விளிம்பில் ஒரு தட்டு தட்டி உடைக்காத வீடு எத்தனை? ஓவனிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை கேக் எடுக்கும் வீட்டுக்கு யோசித்துச் செய்த பொருளை, தினம் மூன்று வேளை தீயும் மஞ்சளும் புளியும் புழங்கும் இடத்தில் கொண்டுவந்து போட்டால், மேடை அந்த வீட்டுக்கு உழைக்காது, வீடுதான் மேடைக்கு உழைக்க வேண்டும். வாரண்டி இருக்கிறதே என்பார்கள். சூட்டினால் வரும் சேதம் அதில் சேராது என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

இதுவரை சொன்னது வாங்குபவரின் நஷ்டம். அவர் பணம், அவர் பாடு. உண்மையான பிரச்சினை பில்லில் வராத ஒரு செலவு.

பலகை அப்படியே வந்து உட்கார்ந்துவிடாது. அளவுக்கு அறுக்க வேண்டும், சிங்குக்கும் அடுப்புக்கும் ஓட்டை போட வேண்டும், விளிம்பை உருட்டிப் பாலிஷ் போட வேண்டும். அப்போது பறக்கும் தூசியில் பெரும்பகுதி சிலிகா. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு நுண்ணியது. நுரையீரலின் ஆழத்தில் போய் உட்கார்ந்து தழும்பாக மாறும். அதற்குப் பெயர் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. முற்றிப்போனால் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி. சுரங்கத் தொழிலாளிக்குப் பல பத்தாண்டுகள் கழித்து வந்த நோய், இந்தப் பலகையை அறுப்பவர்களுக்குச் சில வருடங்களிலேயே, முப்பது நாற்பது வயதிலேயே வருகிறது.

இது கற்பனை பயம் இல்லை. குவார்ட்ஸ் பலகையில் உலகப் பெயர் வாங்கிய சீசர்ஸ்டோன் இஸ்ரேல் கம்பெனி. அதே இஸ்ரேலில், இந்த வேலை செய்து சிலிகோசிஸ் வந்த 25 பேரைப் பற்றி மருத்துவர்கள் 2012இல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பிறகு ஸ்பெயின், ஆஸ்திரேலியா, கலிபோர்னியா என்று வரிசையாக வந்தது. ஆஸ்திரேலியா சும்மா எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு நிற்கவில்லை. 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிக்க, விற்க, அறுக்க, பொருத்த நாடு முழுக்கத் தடை போட்டுவிட்டது. 2025 ஜனவரி முதல் இறக்குமதிக்கும் தடை. பணக்கார நாடு, இன்ஸ்பெக்டர் உண்டு, முகமூடி உண்டு, தூசி உறிஞ்சும் மெஷின் உண்டு. அவர்களே "கட்டுப்படுத்த முடியவில்லை, வேண்டாம்" என்று கைவிட்ட சரக்கு, இங்கே "பிரீமியம்" என்ற பட்டத்தோடு வந்து நிற்கிறது. இங்கே அறுப்பவருக்கு என்ன பாதுகாப்பு? மூக்கில் கட்டிய ஒரு கைக்குட்டை. 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. நாலு பேர் வேலை செய்யும் பட்டறையை யார் எட்டிப் பார்த்தார்கள்?

வணிகவியல் மாணவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: விற்பவரும் வாங்குபவரும் கணக்கில் எழுதாத செலவு மறைந்துபோவதில்லை, மூன்றாவது ஆள் தலையில் விழுகிறது. பாடப் புத்தகம் இதற்கு ஆலைப் புகையை உதாரணம் காட்டும். கட்டிங் சார்ஜ் என்று பில்லில் வரும் அந்த ஒற்றை வரியையும் தாராளமாகக் காட்டலாம்.

உடனே ஒரு கேள்வி வரும். கிரானைட்டிலும் சிலிகா இருக்கிறதே? இருக்கிறது. சாதாரண கிரானைட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், அதை அறுப்பவரும் தூசி தின்றுதான் வேலை செய்கிறார். அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கும் 90 சதவீதமும் ஒன்றா? இன்னொரு விஷயம். விழுப்புரம் பக்கத்து குன்னம் போன்ற இடங்களில் வெட்டும் கறுப்புக் கல்லை "பிளாக் கிரானைட்" என்று விற்றாலும், புவியியல் கணக்கில் அது கிரானைட்டே இல்லை. டாலரைட், காப்ரோ வகை. குவார்ட்ஸ் மிகக் குறைவு. நெருக்கமான கல் என்பதால் கறையும் சுலபத்தில் இறங்காது, தோசைக்கல்லை இறக்கி வைத்தாலும் முகம் சுளிக்காது. விலையோ குவார்ட்ஸை விடக் குறைவு. மலிவாக இருக்கிறதே என்று கடப்பா கல்லுக்கு மட்டும் போய்விடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல், புளியும் எலுமிச்சையும் பட்ட இடமெல்லாம் அரித்துப் பளபளப்பு போய்விடும்.

"கறுப்பு போரடிக்குது, வெள்ளைதான் வேணும்" என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வெளிர் நிற கிரானைட்டே கிடைக்கிறது. அதில் புள்ளி இருக்கும், கோடு இருக்கும். கல் என்றால் இருக்கத்தானே செய்யும் :-)

ஏற்கெனவே குவார்ட்ஸ் போட்டுவிட்ட வீடுகள் அதைப் பெயர்த்து எறிய வேண்டியதில்லை. போட்ட மேடை தூசி கிளப்பாது, சமைப்பவருக்கு அதனால் ஆபத்தில்லை. பாட்டி காலத்துப் பிரிமணையைப் பரணிலிருந்து இறக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மஞ்சள் கொட்டினால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே துடைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ப்ளீச்சிங், ஆசிட், கம்பி நார் கூடவே கூடாது. நேரடி வெயில் விழும் ஜன்னல் ஓரமாக இருந்தால் ஒரு திரை போடுங்கள், வருடக்கணக்கில் வெயில் பட்டால் பிசின் மஞ்சளடிக்கும். மெயின்டனன்ஸே வேண்டாம் என்று சொன்னவர் இதையெல்லாம் சொன்னாரா என்ன?

இவ்வளவு படித்த பிறகும் குவார்ட்ஸ்தான் வேண்டும் என்றால் (அல்லது கிரானைட்டே போட்டாலும்) ஒன்றே ஒன்று செய்யுங்கள். சிங்க் அளவு, அடுப்பு அளவு எல்லாவற்றையும் முன்பே கொடுத்து, தண்ணீர் ஊற்றி அறுக்கும் மெஷின் உள்ள பட்டறையிலேயே வேலையை முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூலைகளைச் செங்குத்தாக வெட்டாமல் கொஞ்சம் வளைத்து வெட்டினால் விரிசலும் விழாது. அப்படியும் யாராவது வீட்டுக்குள் கை மெஷினை எடுத்துக்கொண்டு உலர்வாக அறுக்க உட்கார்ந்தால், நிறுத்தி, பிளேடில் தண்ணீர் விழும் மெஷினோடு வந்தால்தான் வேலை என்று சொல்லிவிடுங்கள். தரையெல்லாம் சேறாகிவிடும் சார் என்பார்கள். ஆகட்டும். துடைத்துக்கொள்ளலாம்.