வலி விட்டுருச்சுன்னு சித்தி சொன்ன அன்னைக்கு

போன வாரம் சென்னையிலேர்ந்து ஒரு தம்பி போன் பண்ணினார். "அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையாம்ணே, கால்தான் கொஞ்சம் மதமதன்னு இருக்காம்"னு சந்தோஷமா சொன்னார். எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்கன்னேன். ஏன்னு கேட்டார். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்க சித்தி நடவாளு. சம்பா நடவுன்னா காலையில குனிஞ்சா குனிஞ்சதுதான், சேத்துல பின்னால நகர்ந்துகிட்டே நடணும். மூணு வருஷம் முந்தி அவங்களுக்கு இடுப்புல பிடிச்ச வலி, தொடை வழியா இறங்கி கெண்டைக்கால் வரைக்கும் இழுத்துச்சு. இருமினாக்கூட சுரீர்ங்கும். மெடிக்கல்ல வலி ஊசி போட்டோம். தைலம் தேச்சோம். கால் பக்கமா பொறந்த பையனை விட்டு மிதிக்கச் சொன்னோம். (இதையெல்லாம் நானும்தான் செஞ்சேன், அடுத்தவங்களைக் குறை சொல்லல.) ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில "வலி விட்டுருச்சுப்பா"ன்னாங்க. வீடே சந்தோஷப்பட்டுச்சு. ஆனா வரப்புல நடக்கும்போது இடது கால் செருப்பு தானா கழண்டு விழுந்துச்சு, அது அவங்களுக்கே தெரியல. செருப்பு பழசாயிடுச்சுன்னு புதுசு வாங்கிக் குடுத்தோம்!

பத்து நாள்ல ஒண்ணுக்குப் போக முடியாம அடிவயிறு உப்பிடுச்சு. அப்பதான் தஞ்சாவூருக்குத் தூக்கிட்டு ஓடினோம். நடவாளுங்களுக்கு இன்னொரு கஷ்டம், ஒதுங்க இடம் இல்லாததால தண்ணி குடிக்காம அடக்கியே பழகினவங்க. அதனால வரலைங்கறதை ரெண்டு நாள் யார்கிட்டயும் சொல்லல.

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். நான் எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். மூளையிலேர்ந்து முதுகெலும்புக்குள்ள இறங்கற தண்டுவடம் ஆறு மாதிரி. அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் பிரியற 31 ஜோடி நரம்பு வேர்கள் வாய்க்கால் மாதிரி. வாய்க்கால்ல அடைப்புன்னா அந்த மடையில உள்ள வயல்தான் காயும். ஆத்துலயே அடைப்புன்னா அதுக்குக் கீழ உள்ளதெல்லாம் காயும். தண்டுவடம் இடுப்பெலும்பு ஆரம்பிக்கற இடத்துலயே முடிஞ்சுடுது, அதுக்குக் கீழ வேருங்க குதிரை வால் மாதிரி கொத்தாத் தொங்குது. சித்திக்கு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி மொதல்ல ஒரு வேரை நசுக்கி, அப்புறம் கொத்தையே நசுக்கிடுச்சு. உக்கார்ற இடம் மரத்துப்போறது, சிறுநீர் நிக்கறது, மலம் தெரியாம போறது, இதெல்லாம் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

வலிங்கறது நரம்பு போடற சத்தம். சத்தம் நின்னா நல்லாயிடுச்சுன்னுதான் நினைக்கிறோம். நசுங்கி நசுங்கி சத்தம் போடவே தெம்பில்லாம போனாலும் நிக்கும். பெரும்பாலான இடுப்பு வலி சில வாரத்துல தானா சரியாயிடும், அதுக்காக பதறாதீங்க. வலி குறைஞ்சு மரப்பும் பலமின்மையும் கூடினா பதறுங்க.

கழுத்துல தண்டுவடம் நசுங்கினா வலியே இல்லாமகூட வரும். கை விரல் சொன்ன பேச்சு கேக்காது. எங்க ஊர்ல ஒரு அம்மாவுக்கு முடியிலேர்ந்து நாத்தைப் பிரிக்க வரல. உங்க ஊர்ல அது சட்டைப் பட்டன் போட வராம ஆரம்பிக்கும். பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குன்னு சொல்லுவாங்க. முகம் கழுவ கண்ணை மூடினா ஆளு ஆடும். இந்த ஆட்டம் பி12 சத்து குறைஞ்சாலும் வரும், அதை ஊசியிலயே சரிபண்ணலாம், ஆனா சீக்கிரம் பண்ணணும். முதுகெலும்புல காசநோய் வந்தும் தண்டுவடத்தை அழுத்தும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறையறது, ராத்திரியும் விடாத முதுகு வலின்னா அதைச் சந்தேகப்படணும். வயசாயிடுச்சுன்னு விட்டுடறதுதான் பெரிய தப்பு.

தென்னை மரத்துலேர்ந்து விழுந்தவரை நாலு பேரு கை காலைப் பிடிச்சுத் தூக்கி, உக்காரவச்சு தண்ணி குடுக்கறதை இன்னமும் பாக்கிறேன். கழுத்தும் முதுகும் ஆடாம பலகை மாதிரி வச்சுக்கணும், 108 வர்ற வரைக்கும் அசைக்கக்கூடாது. ஒடிஞ்ச எலும்பு கூடும், அறுந்த தண்டுவடம் கூடாது. அதுக்காக வாழ்க்கை முடிஞ்சுதுன்னும் இல்ல. 1954ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில இருந்தே தொழுநோயாளிங்களுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில மறுவாழ்வு சிகிச்சைக்குன்னே தனித் துறையை நடத்தினாங்க.

என் கோரிக்கை சின்னது. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு தேடி வர்றவங்க சுகரும் பிரஷரும் பாக்கறாங்க, நல்ல காரியம். அதோட குதிகால்ல நாலடி, முன்னங்கால்ல நாலடி நடக்கச் சொல்லிப் பாக்கட்டும். கால் விழுதா, ஒண்ணுக்கு சரியாப் போகுதான்னு கேக்கட்டும். ரெண்டு நிமிஷ வேலை, மெஷின் வேணாம். அது வர்றவரைக்கும் நீங்க ஊருக்குப் போன் பண்ணும்போது "வலி எப்படியிருக்கு"ன்னு மட்டும் கேக்காம, "செருப்பு கழண்டு போகுதாம்மா"ன்னும் கேளுங்க.

சித்திக்கு ஆபரேஷன் ஆச்சு. சிறுநீர் சரியாயிடுச்சு, பாதம் முழுசா வரல. செருப்புக்குப் பின்னால வார் வச்சுத் தைச்சுக் குடுத்திருக்கோம். இந்த நடவுக்கு வரப்புல உக்காந்து முடி எண்ணி எடுத்துக் குடுத்தாங்க.