உலகம் பாடியது, எழுதியவர் கையில் காசு இல்லை!

அமெரிக்காவில் ஒரு பாட்டு. அதன் பெயர் "லூயி லூயி". ஆயிரம் தடவைக்கு மேல் அது ஒலிப்பதிவு ஆகியிருக்கிறது. அதன் சொற்கள் என்னவென்று அரசாங்கத்தின் துப்பறியும் இலாகாவே ஆராய்ந்தது. அதை எழுதியவரோ உரிமையை வெறும் 750 டாலருக்கு விற்றுவிட்டார்!

இது எப்படி நடந்தது?

காகிதம் கிடைக்கவில்லை

ரிச்சர்டு பெர்ரி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வளர்ந்த கறுப்பின வாலிபர். 1955-ம் ஆண்டு அவருக்கு வயது 20. ஒரு நடன மண்டபத்தில் பாடப் போயிருந்தார். அங்கே ஒரு குழு, கியூபா நாட்டுக் கலைஞர் ரெனே டூசே வெளியிட்ட நடன மெட்டு ஒன்றை வாசித்தது. அதன் தொடக்கத் தாளம் பெர்ரியின் மனதைப் பிடித்துக்கொண்டது. எழுதக் காகிதம் இல்லை. கழிப்பறைக் காகிதத்தை எடுத்து, அதில் சொற்களைக் குறித்துக்கொண்டார்.

கதை எளியது. ஒரு மாலுமி, மதுக்கடைக்காரரிடம் மனம் விட்டுப் பேசுகிறான். தூரத்தில் ஜமைக்கா தீவில் காதலி காத்திருக்கிறாள். கடல் கடந்து அவளிடம் போகவேண்டும். அவ்வளவுதான்.

1957-ல் பெர்ரியே பாடி இசைத்தட்டு வெளிவந்தது. ஓரளவு விற்றது. பிறகு அடங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் பெர்ரிக்குக் கல்யாணம். செலவுக்குப் பணம் வேண்டும். 750 டாலர் வாங்கிக்கொண்டு உரிமையை எழுதிக்கொடுத்தார்.

கார் ஷெட் இசை

பாட்டு சாகவில்லை. வடமேற்கே டகோமா நகரத்துப் பாடகர் ராபின் ராபர்ட்ஸ் 1961-ல் அதைப் பாடி வெளியிட்டார். அந்த வட்டாரத்து வாலிபர்கள் எல்லோரும் அதையே வாசித்தார்கள். காரணம், அது சுலபம். கிட்டாரில் மூன்று விதமாக விரல் வைக்கத் தெரிந்தால் போதும்! வீட்டுக் கார் ஷெட்டில் கூடி இப்படி வாசித்த முரட்டு இசைக்குப் பின்னாளில் "கராஜ் ராக்" என்று பெயர் வந்தது. கராஜ் என்றால் கார் ஷெட்.

1963 ஏப்ரலில், போர்ட்லண்டு நகரத்தில் "கிங்ஸ்மென்" என்ற வாலிபர் குழு இதைப் பதிவு செய்தது. செலவு சுமார் 50 டாலர். மைக் உயரத்தில் தொங்கியது. ஜாக் ஈலி அண்ணாந்து பார்த்துக் கத்திப் பாடினார். பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார்! ஓர் இடத்தில் முந்திக்கொண்டு பாடத் தொடங்கி, சட்டென்று நிறுத்தினார். அந்தத் தவறோடேயே தட்டு வெளிவந்தது. விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

கவர்னர் கோபம்

சொற்கள் யாருக்கும் புரியவில்லை. புரியாத இடத்தில் வதந்தி புகுந்தது. "இது ஆபாசப் பாட்டு" என்று மாணவர்கள் கிசுகிசுத்தார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொற்களை எழுதிக் கைமாற்றினார்கள். பெற்றோர்கள் பயந்தார்கள். மத்திய அரசாங்கத்துக்குப் புகார் போயிற்று. 1964-ல் இண்டியானா மாநிலக் கவர்னர் மாத்யூ வெல்ஷ், ரேடியோவில் இதைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

எப்.பி.ஐ. துப்பறியும் இலாகா விசாரணையில் இறங்கியது. தட்டை வேகமாகச் சுழற்றிக் கேட்டார்கள். மெதுவாகவும் சுழற்றிக் கேட்டார்கள். முடிவு என்ன? எந்த வேகத்திலும் புரியவில்லை!

ஆனால் பெர்ரி 1957-ல் பாடிய தட்டில் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. அதில் ஆபாசம் எதுவும் இல்லை.

தேடி வந்த வக்கீல்

பாட்டின் புகழ் வளர்ந்தது. முரட்டு இசை வாசித்த பல குழுக்களுக்கு இதுவே முதல் பாடம் ஆயிற்று. இங்கிலாந்தின் "மோட்டார்ஹெட்" குழு 1978-ல் இதைத் தட்டாக வெளியிட்டது. ஆனால் எழுதிய பெர்ரி, 1980-களில் அரசாங்கம் ஏழைகளுக்குத் தரும் உதவிப் பணத்தில் வாழ்ந்துவந்தார்.

அப்போது ஒரு பானக் கம்பெனி தன் விளம்பரத்துக்கு இந்தப் பாட்டைக் கேட்டது. பெர்ரியின் கையெழுத்து தேவைப்பட்டது. தேடி வந்த வக்கீல், "உரிமையைத் திரும்பப் பெற வழி உண்டு" என்று அவருக்குச் சொன்னார். பெர்ரி முயன்றார். உரிமையில் ஒரு பங்கு திரும்பியது. பெரும் பணமும் வந்தது. 1997-ல் அவர் காலமானார்.

கிங்ஸ்மென் குழுவினருக்கும் இதே கதிதான். ஒப்பந்தப்படி தரவேண்டிய பங்கு பல ஆண்டுகளாக வரவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1998-ல் அப்பீல் கோர்ட்டும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஒலிப்பதிவு உரிமை அவர்கள் கைக்கு வந்தது.

பெர்ரி கையெழுத்துப் போட்டபோது பாட்டு ஓடி முடிந்துவிட்டது போல் இருந்தது. அதன் உண்மையான விலை சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பாட்டு எழுதுகிறவர்கள் முழு உரிமையையும் ஒரே தொகைக்கு விற்காமல், வரும்படியில் ஒரு பங்கு கேட்பது ஏன் என்பதற்கு இந்தக் கதையே பதில்.