சிக்கனம் யாருடைய கடமை?

வீண் விரயத்தைத் திருமறை எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கின்றது என்பதை ஜும்ஆ மேடைகளின் வாயிலாகக் கேளாத முஸ்லிம் குடும்பம் இருக்க முடியாது. ஷைத்தானோடு உறவு கூறி விரயக்காரனை எச்சரிக்கும் அந்த வசனம், பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 27-ஆம் வசனமாகும். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, கையைக் கழுத்தோடு பிணைத்துக் கொள்வதைப் போன்ற கஞ்சத்தனமும் தடுக்கப்பட்டிருக்கின்றது. இன்னும் இரண்டு வசனம் தள்ளிப் பார்த்தால், வறுமைக்கு அஞ்சிப் பிள்ளைகளின் உயிரைப் போக்குவது பெரும் பாவம் என்னும் தடை வருகின்றது. விரயம், கஞ்சத்தனம், பிள்ளைகளின் வாழ்வு ஆகிய மூன்றும் ஐந்து வசனங்களுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பது சிந்தனைக்கு உரியது. நாமோ முதலாவதை மட்டும் உரக்கச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் மெல்லக் கடந்து விடுகின்றோம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்துக் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகின்றோம். வீரவநல்லூர், பத்தமடை, முக்கூடல், பக்கத்துத் தென்காசி மாவட்டத்துப் பொட்டல்புதூர், ரவணசமுத்திரம் ஆகிய ஊர்களில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்மணிகளின் உழைப்பினால் அடுப்பு எரியும் வீடுகள் ஏராளம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, சுற்றி, மடக்கி, கட்டி முடிப்பதற்குள் பகற்பொழுது போய்விடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடாயின் இரவும் சேர்ந்து போகும். சிக்கனமாக இருங்கள் என்னும் உபதேசம் பெரும்பாலும் இந்தத் தாய்மார்களை நோக்கியே செய்யப்படுகின்றது. உபதேசிப்பவர் ஆண், தலையை அசைத்துக் கேட்பவரும் ஆண், செலவைக் குறைக்க வேண்டியவள் மட்டும் பெண்!

மார்க்கச் சட்டம் என்ன கூறுகின்றது? மனைவி மக்களின் உணவு, உடை, உறையுள் ஆகிய நஃபகா முழுவதும் கணவன் மீது கடமை. மனைவி தன் கையால் ஈட்டிய பொருள் அவளுக்கே உரியது. அவள் மனமுவந்து குடும்பத்திற்குச் செலவிட்டால் அது அவள் செய்யும் தர்மம். அதனைக் கணக்குக் கேட்டு வாங்குவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அபூஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தம் கணவர் போதிய செலவுக்குத் தருவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் வந்துள்ளது. தமக்கும் பிள்ளைக்கும் போதுமான அளவை, முறையோடு, கணவரின் பொருளிலிருந்து அவர் அறியாமலே எடுத்துக் கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இதனைச் சட்ட ஆதாரமாகக் கொண்டே இமாம்கள் நஃபகாவின் அளவை ஆராய்ந்தனர். பிள்ளையின் உணவு அங்கே பேரத்திற்கு உட்பட்ட ஒன்றாக இருக்கவில்லை.

இன்றைய நடைமுறையைப் பாருங்கள். கையில் பணம் இறுகும்போது முதலில் எது நிற்கின்றது? வாப்பாவின் மாலைநேரத் தேநீரும் சிகரெட்டும் நிற்பதில்லை. கைப்பேசிக்குக் கட்டும் தொகை நிற்பதில்லை. பிள்ளைக்கு வாங்கும் பாலில் அரை லிட்டர் கால் லிட்டராகின்றது. முட்டை வாரம் ஒன்றாகின்றது. அதற்கும் மேலே போனால், படித்துக் கொண்டிருந்த மகள் உம்மாவின் பக்கத்தில் அமர்ந்து நூல் கட்டத் தொடங்குகின்றாள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-இல் இயற்றப்பட்டபோதே பீடித் தொழில் தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சட்டம் வந்தும், வீட்டுக்குள் நடப்பதை எந்த அதிகாரி பார்க்கப் போகின்றார்? தொட்டிலுக்கு அருகிலேயே புகையிலைத் தூள் பறப்பதையும் நாம் வழக்கமாக எடுத்துக் கொண்டு விட்டோம். அறை ஒன்றே உள்ள வீட்டில் வேறு வழி என்ன என்று கேட்பார்கள். திண்ணையோ கொல்லைப்புறமோ, தூளும் பிள்ளையும் ஓரிடத்தில் இல்லாதபடி செய்வதற்குப் பணம் தேவையில்லை. வீட்டு ஆண்மகன் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக் கொண்டாலே பாதி தீர்ந்தது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததாக வரலாற்று ஆசிரியர்கள் எழுதும் செய்தி ஒன்று உண்டு. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல் மாலிலிருந்து மானியம் என்பது அப்போதைய விதி. இரவில் நகர்வலம் வந்த கலீஃபாவின் காதில் ஒரு குழந்தையின் ஓயாத அழுகை விழுந்தது. விசாரித்தபோது, மானியம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தாய் காலத்திற்கு முன்பே பாலை நிறுத்த முயன்றது தெரிய வந்தது. கலீஃபா கலங்கினார்கள், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் மானியம் என்று விதியை மாற்றினார்கள். அந்தத் தாயைக் கடிந்து கொள்ளாமல் சட்டத்தையன்றோ திருத்தினார்கள்!

தாய்ப்பாலைக் குறித்து அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் விரிவாகப் பேசுகின்றது. முழுமையாக்க விரும்புவோர்க்கு இரண்டு ஆண்டு என்னும் எல்லையையும், பாலூட்டும் தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பு என்பதையும் ஒரே மூச்சில் அது கூறுகின்றது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பது இன்றைய மருத்துவர்களின் முடிவு. டப்பாப் பால்மாவை விளம்பரம் செய்வதையே இந்திய அரசு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுத்திருக்கின்றது. ஆயினும், தாய்க்கு வயிறார உணவு கொடுக்க யோசிக்கும் வீட்டில் பால்மா டப்பா தவறாமல் வாங்கப்படுகின்றது. ஓர் ஆழாக்கு உளுந்து, ஒரு கட்டு முருங்கைக் கீரை, இரண்டு முட்டை என்று தாய்க்குச் செலவிடுவதே அங்கே பெரிய சிக்கனமாகும். உடல்நிலை காரணமாக மருத்துவரே பால்மா எழுதிக் கொடுத்த தாய்மாரை இங்கே நாம் குறிப்பிடவில்லை. அவர்களைக் குறை கூறுவோர் அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கொள்ளட்டும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடைவாசலில் தொங்கும் பொட்டலங்கள் வந்து விடுகின்றன. நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்குப் 10 ரூபாய் என்று வைத்துக் கொண்டால், இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 600, ஆண்டுக்கு 7,200 ரூபாய். உப்பும் எண்ணெயும் காற்றும் நிரப்பிய அந்த உறைகளுக்கு இவ்வளவு பெரிய தொகை போவதை எந்த வீடும் கணக்கில் எழுதுவதில்லை. பொட்டுக்கடலையும் வெல்லமும், அவித்த நிலக்கடலையும் இதே தெருக்களில்தான் கிடைக்கின்றன. பாலில் கலக்கும் ஊட்டப் பானங்களின் கதையும் இதுவே. அத்தகைய பானங்களை ஆரோக்கிய பானம் என்னும் தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணையவழி விற்பனை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாம் கொடுத்த காசில் பெரும்பகுதி சர்க்கரைக்கே போயிற்று!

அரிசியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் பாயும் இந்த வயல்களில் காரும் பிசானமும் என இரு போகம் விளைகின்றது. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-இல் தொடங்கப்பட்டது. அது 1986-இல் வெளியிட்ட அம்பை 16 என்னும் குட்டை ரக நெல் இட்லிக்கும் புட்டுக்கும் பேர் பெற்றது. இத்தனையும் வாசலில் இருக்க, தொலைவிலிருந்து வரும் வெள்ளை வெளேரென்ற அரிசியை அச்சடித்த பையோடு மாதந்தோறும் கடனுக்கு வாங்குகின்றோம். முற்காலத்தில் பிசான அறுவடை முடிந்ததும் நெல்லை வாங்கிக் குலுமையில் கொட்டி வைத்தனர். இன்றும் மாசி, பங்குனியில் களத்து விலைக்கு நெல் வாங்கி, காய வைத்து, தகர டிரம்மில் இட்டு, வேண்டும்போது அரைத்துக் கொள்வதற்குத் தடை என்ன? நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோ அரிசி காணும். தவிடு கோழிக்கு ஆகும். நாட்பட்ட நெல்லின் அரிசி சோறு நன்றாகக் காணும் என்பது சமைப்போர் அறிந்தது. ரேஷன் கடையில் 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைத்து வரும் அரிசியையும் இழிவாகக் கருதி விற்றுவிட வேண்டியதில்லை. நன்றாகக் களைந்து உளுந்தோடு ஊறப் போட்டால் இட்லி மாவு ஆகிவிடும்.

இவ்வாறு சேர்த்து வைப்பது தவக்குலுக்கு மாறானது என்று சிலர் கருதக்கூடும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டங்களின் விளைச்சலிலிருந்து தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். இமாம் புகாரி அதனைக் குடும்பச் செலவு பற்றிய பாடத்திலேயே இடம்பெறச் செய்துள்ளார்கள். யூசுஃப் (அலை) அவர்கள் ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் சொன்ன வரலாறும் நாம் அறிந்ததே.

ஆனால் ஓராண்டு நெல்லுக்கு ஒரே நேரத்தில் பணம் வேண்டும். வாரக் கூலிக்காரரிடம் அது ஏது? இங்கேதான் சீட்டு வருகின்றது. இருபது பேர் சேர்ந்து மாதம் 500 ரூபாய் வீதம் போட்டு, குலுக்கலில் வருபவருக்குப் பத்தாயிரம் ரூபாயையும் முழுமையாகக் கொடுக்கும் சீட்டில் எவருக்கும் இழப்பில்லை. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் கடனே அது. ஏலச் சீட்டு அத்தகையதன்று. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடி வருபவள் எட்டாயிரத்துக்குத் தள்ளி எடுக்கின்றாள், கட்டுவதோ பத்தாயிரம். அவள் விட்ட இரண்டாயிரத்தை மற்றவர் பங்கிட்டுக் கொள்கின்றனர். இதில் வட்டியின் சாயல் தெளிவாக இருப்பதாலேயே உலமாக்கள் பலர் இதனைத் தடுக்கின்றனர். மார்க்கத் தீர்ப்பு ஒரு புறம் இருக்க, மிகவும் நெருக்கடியில் இருப்பவரே மிகுதியாக இழக்கும் ஏற்பாடு அது என்பதையும் கவனிக்க வேண்டும்.

நகை அடகும் அப்படியே. பத்தாயிரம் ரூபாய்க்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் போய்விடும். பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாரத் தவணையில் வாங்கும் கடனில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் வந்து நிற்கின்றனர். கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-இல் தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியதாயிற்று. வட்டி ஹராம் என்று மேடையில் முழங்கும் நாம், வட்டியில்லாமல் ஐயாயிரம் ரூபாய் எங்கே கிடைக்கும் என்று கேட்கும் சகோதரிக்கு என்ன விடை வைத்திருக்கின்றோம்?

விளையாட்டுப் பொருள், உடை பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு ஆகும். தம் ஆடையைத் தாமே தைத்துக் கொண்ட நபியின் உம்மத்துக்கு இதில் வெட்கம் கிடையாது. ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களை ஓலைப் பெட்டியோடு ஒரு முறை வாங்கினால் அக்காளுக்குப் பின் தங்கைக்கும் உதவும். அணையாடை விஷயத்தில் மட்டும் ஒரு சொல். துணியையே கட்டுங்கள், காசு மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் ஆயிரம் பீடி சுற்ற வேண்டியவளுக்குத் துவைக்க நேரம் ஏது? துவைத்துத் தருவதற்கு ஆள் இருக்கும் வீட்டிலேயே இந்த உபதேசம் செல்லும்.

விருந்துகளுக்கு வருவோம். அகீகா வசதியுள்ளோர்க்கு உரிய சுன்னத்து. கடன் வாங்கி ஆடு அறுக்குமாறு ஷரீஅத் எவரையும் பணிக்கவில்லை. சிறுவனின் கத்னாவுக்குப் பந்தலும், குதிரை ஊர்வலமும், ஊருக்குப் பிரியாணியும் எங்கிருந்து வந்தன? போதாக்குறைக்கு இப்போது பிறந்தநாள் கேக்கும் சேர்ந்து கொண்டது. இவற்றைச் செய்யாவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சமே காரணம். இந்த அச்சத்தைத் தனி ஒரு குடும்பத்தால் உடைக்க முடியாது; ஜமாஅத்து முடிவு செய்தால் முடியும். பல பிள்ளைகளுக்கு ஒரே நாளில், எளிய முறையில் கத்னா செய்விக்கும் ஊர்கள் இருக்கின்றன. பணக்கார வீட்டுப் பிள்ளையும் அந்த வரிசையில் உட்கார வேண்டும். அப்போதுதான் அது ஏழைகளின் வரிசை என்று பெயர் எடுக்காது.

அரசு தருவதைப் பெறுவதிலும் நமக்கு வீண் கௌரவம் குறுக்கிடுகின்றது. அங்கன்வாடித் திட்டம் 1975-இலும், எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் 1982-இலும், தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு 2022-இலும் தொடங்கின. ஆறு மாதக் குழந்தை முதல் சத்துமாவு கிடைக்கின்றது. தடுப்பூசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிப் போடுகின்றனர். இவையெல்லாம் நம் வரிப்பணத்தில் நடப்பவை. பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்தில் ஏறி அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனைக்குச் செல்ல முடியும்போது, தடுப்பூசிக்காகத் தனியார் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் கொடுப்பது எதற்காக? பீடித் தொழிலாளர்கள் தங்கள் வைப்பு நிதிக் கணக்கும் அடையாள அட்டையும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்வதும் அவசியம். அத்தொழிலுக்கு வைப்பு நிதிச் சட்டம் 1977-இலேயே விரிவாக்கப்பட்டது. கடைக்காரர் பேரேட்டில் பெயர் இல்லாத பெண்ணுக்கு இவை எட்டாமலே போகின்றன.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும்; பையும் நோட்டும் சீருடையும் வாங்க வேண்டிய காலம். நகை அடகுக் கடைகளில் கூட்டம் சேர்வது அப்போதுதான். ஒவ்வொரு மஹல்லாவும் ரமளானில் திரட்டும் ஸதகாவிலிருந்து ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கலாம். ஜகாத் அதற்குரியோருக்கே முழு உரிமையாகச் செல்ல வேண்டியது. அதனை இதில் கலக்க வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் இருந்தால் இருபது குடும்பங்களுக்கு ஐயாயிரம் வீதம், பத்துத் தவணையில் திருப்பிக் கட்டும் வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். பங்குனிக்குள் அது திரும்பி, நெல் வாங்குவோருக்கு மீண்டும் போகும். கணக்கு எழுத மதரஸா படித்த இளைஞர் ஒருவர் போதும். கடன் கேட்டு வரும் பெண்மணி பள்ளிவாசல் அலுவலக வாசலில் ஆண்கள் நடுவே நிற்க நேராதபடி, நிர்வாகத்தில் இரண்டு பெண்களையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.