வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யுமுன் சற்று யோசிப்போம்

பௌர்ணமிக் கிரிவலமும் கார்த்திகைத் தீபமும் தரும் வியாபாரத்தைப் பகலில் பார்க்கிறோம். கணக்கை இரவில் பார்க்கிறோம். சின்னக்கடைத் தெருவிலும் தேரடித் தெருவிலும் நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. பிள்ளைகள் பாடம் படிக்கும் அதே கம்ப்யூட்டரில்தான், கல்லாவை மூடிய பிறகு கொள்முதலும் விற்பனையும் ஏறுகின்றன. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து அந்தப் பெட்டி வீட்டுப் பொருள் மட்டுமல்ல. நம் பேரேடும் அதுதான்.

அந்தப் பேரேட்டுக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. வீட்டு உபயோகத்தாருக்கு ஓராண்டு நீட்டிப்பு என்றும், அதன் எல்லை 2026 அக்டோபர் 13 என்றும் அறிவித்தது. ஆதரவு நின்றதால் பெட்டி ஓடாமல் போகாது. ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. திருத்தம் போடாத பெட்டிகளுக்கு என்ன நேரும் என்பதை 2017 மே மாதம் உலகமே கண்டது. 'வான்னாகிரை' என்ற வைரஸ் நூற்றைம்பது நாடுகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளிவந்திருந்தது. போடாதவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள்.

இதைச் சொன்னவுடன் "எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. நம் கருத்து வேறு. பழைய சரக்கு இருக்கிறது என்பதற்காகக் குடோனையே காலி செய்யும் வியாபாரி உண்டா? எது ஓடும், எது ஓடாது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் தொழில். கம்ப்யூட்டரிலும் அதையே செய்வோம்.

முதல் கேள்வி, இருக்கும் பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பது. இன்டெல் பிராசஸராக இருந்தால் ஐ3, ஐ5 என்ற பெயரை அடுத்து வரும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். அது 8-லோ 9-லோ தொடங்கினால், அல்லது 10, 11, 12 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணாக இருந்தால் பெரும்பாலும் ஏற்கும். 7-லோ அதற்குக் கீழோ தொடங்கினால் பொதுவாக ஏற்காது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பல பெட்டிகளில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ரிப்பேர் செய்பவரிடம் சொன்னால் இயக்கித் தருவார்.

ஏற்குமானால் செலவு சிறிது. பெட்டி மெதுவாக ஓடுவதற்கும் கரகரவென்று சத்தமிடுவதற்கும் பழைய ஹார்டு டிஸ்க் முக்கியக் காரணம். அதன் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழல்கிறது. அதற்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் சுழலும் பாகமே இல்லை. சத்தமும் இல்லை, வேகமும் கண்கூடாகத் தெரியும். அடுத்து ரேம். கணக்கு எழுத, பில் போட, பிள்ளைகள் படிக்க 8 ஜி.பி. போதும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதே காரணம். புளி விலை ஏறும்போது மூன்று வருடத்துக்கு வாங்கி அடுக்குவோமா? தேவைக்கு வாங்கி, விலை இறங்கக் காத்திருப்போம். இங்கும் 4 ஜி.பி. இரண்டாக வாங்காமல் 8 ஜி.பி. ஒன்றாக வாங்கி, ஓர் இடத்தைக் காலியாக விடுங்கள். நாளைக்கு இடம் விட்டு வாங்குவதுதான் எதிர்காலத்துக்கு ஈடு கொடுக்கும் வழி. இன்றே எல்லாவற்றையும் வாங்கிக் குவிப்பதல்ல.

சத்தம் ஒரு சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. பக்கத்து அறையில் பெரியவர்கள் தூங்க வேண்டும்; தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அமைதி வேண்டும். அதோடு, விசிறி அலறுகிறது என்றால் உள்ளே சூடு ஏறுகிறது என்று பொருள். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. அரிசித் தவிடும் மாவுத் தூசியும் மளிகைக்காரர் வீட்டில் எங்கும் படியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து தூசி எடுத்தாலே பாதிச் சத்தம் அடங்கும். விசிறியை மாற்ற நேர்ந்தால், பெட்டி இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரியதாகப் போடுங்கள். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தரும்; சிறியது வேகமாகச் சுற்றிக் கத்தும். பெட்டியைத் தரையிலும் மூட்டைகளுக்கு அருகிலும் வைக்காதீர்கள்.

விண்டோஸ் 11-ஐ ஏற்காத பெட்டியானால் அதில் மேலும் பணம் போடுவது வீண். அப்போதும் ஆளுயரப் பெட்டி தேவையில்லை. இன்டெல் 2023-ல் வெளியிட்ட 'என்100' போன்ற, 6 வாட் அளவில் இயங்கும் பிராசஸர் கொண்ட கையகலப் பெட்டிகள் உள்ளன. விசிறியே இல்லாத வகையும் உண்டு. கணக்குக்கும் பாடத்துக்கும் போதும். வீடியோ வெட்டி ஒட்டவும் பெரிய விளையாட்டுகளுக்கும் போதாது. பழைய மானிட்டரையும் கீபோர்டையும் வைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் நான்கு கேள்வி கேளுங்கள். ரேம் கழற்றி மாற்றக்கூடியதா, பற்றவைத்ததா? எஸ்.எஸ்.டி.யை மாற்ற முடியுமா? பழைய மானிட்டருக்கும் டாட் மாட்ரிக்ஸ் பிரிண்டருக்கும் ஏற்ற இணைப்பு உண்டா? கணக்கு மென்பொருளின் உரிமம் புதுப் பெட்டிக்கு மாறுமா?

பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். வழக்கமான பதிவில் உள்ள வியாபாரி, தொழிலுக்குப் பயன்படும் பங்குக்கு உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்போருக்கு அது கிடையாது. ஆனால் இருவருக்கும் வாரன்டி வேண்டும். அதற்குப் பில் வேண்டும். பில் போட்டு விற்கும் நாமே பில் இல்லாமல் வாங்கலாமா?

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. சட்டப்படி, கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும். அதற்குள் பெட்டி பழுதாகலாம். கணக்கு பழுதாகக் கூடாது. எந்த மாற்றத்துக்கு முன்பும் இரண்டு நகல் எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறிடத்தில் இருக்கட்டும். நகல் உள்ள டிஸ்க்கை எப்போதும் பெட்டியில் சொருகியே வைக்காதீர்கள். வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். மின்சாரம் போனால் முறையாக அணைக்க நேரம் தரும் யு.பி.எஸ்.ஸும், அதன் பேட்டரியும் பட்ஜெட்டில் சேரட்டும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: வேலை என்ன, கையில் உள்ள தொகை எவ்வளவு, இருக்கும் பெட்டியில் எது தேறும். சங்கமும் தன் பங்குக்கு, உறுப்பினர்களின் தேவையைச் சேர்த்து மொத்தமாக விலை கேட்கலாம். மொத்தக் கொள்முதலின் பலனை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளம்பரம் சொல்வதை வாங்காமல் நம் வேலை கேட்பதை வாங்கினால், பெட்டியும் சத்தமில்லாமல் ஓடும். கணக்கும் சிக்கலில்லாமல் ஓடும்.