பார்ட்னர் என்று பெயர் வைத்தால் பங்கு வந்துவிடுமா?

கச்சிபௌலியில் இன்று "பார்ட்னர்" என்ற சொல் மலிந்து கிடக்கிறது. சோற்றுப் பொட்டலத்தைச் சுமந்து மாடியேறும் பையன் டெலிவரி பார்ட்னர். வாடகைக் கார் ஓட்டுபவர் டிரைவர் பார்ட்னர். இப்போது நம் குடும்பங்களில் படித்துத் தேறிய பிள்ளைகளும், கம்பெனி வேலையை இழந்தவர்களும், வீட்டில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, பெரிய மென்பொருள் கம்பெனியின் பார்ட்னர் திட்டத்தில் பெயரைப் பதிந்து, சுயதொழில் செய்யப் புறப்பட்டிருக்கிறார்கள். "என் மகன் மைக்ரோசாப்டுக்குப் பார்ட்னர்" என்று சொல்லும்போது பெற்றவர்களுக்கு மனம் குளிர்கிறது.

உழைத்துப் பிழைக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கல்லில் உரசிப் பார்க்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்வதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

கூட்டு வியாபாரம் என்றால் என்ன என்பதை 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தெளிவாக வகுத்திருக்கிறது. சேர்ந்து நடத்தும் தொழிலின் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொண்டவர்களே கூட்டாளிகள். இந்த அளவுகோலை வைத்துக் கேட்கிறோம்: கம்பெனியின் லாபத்தில் நம் பிள்ளைக்குப் பங்கு உண்டா? திட்டத்தின் விதிகளை வகுப்பதில் அவனுக்கு ஒரு வாக்கு உண்டா? கமிஷன் உண்டு, சலுகை உண்டு என்பார்கள். அதன் அளவை நிர்ணயிப்பது யார்? கம்பெனி. பிராவிடண்ட் ஃபண்டு இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இத்தகைய ஒப்பந்தங்களில், நீ வேறு நான் வேறு, பார்ட்னர் என்ற சொல்லால் சட்டப்படியான கூட்டு ஏற்படாது என்றும் ஒரு விதி வழக்கமாக இருக்கும். விளம்பரத்தில் அணைத்துக்கொண்டு, பத்திரத்தில் தள்ளிவைப்பது எவ்வகை நியாயம்?

ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்கு இது புதிதல்ல. பிளாட்பாரத்தில் சுமை தூக்குபவருக்கு வில்லை கொடுப்பது ரயில்வே. ஆனால் அவர் ரயில்வே ஊழியர் அல்லர். பயணி கொடுத்தால்தான் கூலி. 2016 ரயில்வே பட்ஜெட்டில், கூலி என்ற சொல் இனி வேண்டாம், "சகாயக்" என்றழைப்போம் என அறிவித்தார்கள். பெயர் மாறியதால் தலைச்சுமையில் ஒரு கிலோ குறைந்ததா? ஆனால் 2008 பட்ஜெட்டில் அந்தப் போர்ட்டர்களைக் கேங்மேன் வேலைக்கு எடுக்கலாம் என்று வழி திறந்தார்கள். அன்று வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் வீட்டில் மாதச் சம்பளம் வந்தது. ஆகவே தோழர்களே, பெயரைப் பார்க்காதீர்கள், நிபந்தனையைப் பாருங்கள்.

மைக்ரோசாப்ட் 1998-இல் ஐதராபாத்தில் தன் மென்பொருள் மையத்தைத் தொடங்கியது. இன்று கச்சிபௌலியில் 54 ஏக்கர் வளாகம். இதே கம்பெனியின் தாய்நாடான அமெரிக்காவில் நடந்ததை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் பலரை "சுதந்திர ஒப்பந்தக்காரர்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, நிரந்தர ஊழியர்களுக்கு அருகிலேயே அமர்த்தி, அதே மாதிரியான வேலையை வாங்கினார்கள். சலுகைகள் மட்டும் கிடையாது. 1990-இல் அந்நாட்டு வரித்துறை, கையெழுத்திட்ட தாளைப் பார்க்காமல், யார் ஏவி யார் வேலை செய்கிறார்கள் என்று பார்த்தது. இவர்கள் ஊழியர்களே என்றது. 1992-இல் அவர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் 9 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாகக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. வீட்டில் அமர்ந்து தன் சொந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்பவரின் நிலை அதுவல்ல என்பது உண்மையே. ஆனால் பார்ட்னர் என்று எழுதி வாங்கிக்கொண்டு, காலை முதல் இரவு வரை ஒரே கம்பெனியின் மேற்பார்வையில் வேலை வாங்கினால், அது அதே பழைய கதைதான்.

சரி, சொந்தமாகத் தொழில் செய்பவரின் நிலை என்ன? மைக்ரோசாப்டின் திட்டத்தில் பெயர் பதியக் கட்டணம் இல்லை. தொழிலுக்கு வேண்டிய மென்பொருள்களைக் குறைந்த செலவில் பயன்படுத்தும் உரிமைப் பொதிகள் உண்டு. அவற்றால் பயன் உண்டு என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் தரையே நகர்ந்துகொண்டிருந்தால் எதன் மேல் வீடு கட்டுவது? 2022 அக்டோபரில் பழைய வெள்ளி, தங்கத் தகுதிகளை எடுத்துவிட்டு, 100-க்கு 70 புள்ளி பெற்றால்தான் தகுதி என்றார்கள். தேர்வெழுதிய ஆட்களின் எண்ணிக்கையும், வாடிக்கையாளர்களின் பெருக்கமும் அதில் புள்ளிகள். தனி ஆள் எத்தனை ஆளாக முடியும்? 2025 ஜனவரியில், சிறியவர்கள் பல காலம் நம்பியிருந்த ஆக்‌ஷன் பேக் என்ற பொதியின் விற்பனையும் நின்றது. வேறு பெயரில், வேறு விலையில் புதிய பொதிகள் வந்தன.

இதில் நம் பிள்ளைகள் கவனிக்காத ஒன்று உண்டு. கடன் வாங்கிப் பயிற்சி பெற்று, இரவு கண் விழித்துத் தேர்வு எழுதி ஒருவன் சான்றிதழ் வாங்குகிறான். அதை ஒரு பார்ட்னர் கம்பெனியின் கணக்கோடு இணைத்தால், புள்ளி அந்தக் கம்பெனிக்கு ஏறுகிறது. அப்படியானால் அந்தச் சான்றிதழுக்குச் சந்தையில் ஒரு விலை உண்டு அல்லவா? அந்த விலையைக் கேட்டு வாங்காமல், "பெரிய இடத்துச் சிநேகம்" என்று இனாமாக இணைத்துக் கொடுப்பது ஏன்?

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, பிடிக்காவிட்டால் விலகலாமே" என்று சிலர் கேட்பார்கள். விலகலாம். தனியாக விலகுபவனைக் கம்பெனி கவனிப்பதுகூட இல்லை. கூட்டாக நின்றால் கவனிக்கிறது. அதற்கும் சான்று உண்டு. 2019 ஜூலையில், பார்ட்னர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குப் பெற்றுவந்த மென்பொருள் உரிமையைப் பறிக்கப்போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. பல நாடுகளில் இருந்த சிறு பார்ட்னர்கள் மனுவில் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது.

முதலாளி இல்லாதவனுக்குச் சங்கம் எதற்கு என்ற கேள்விக்கும் நம் நாடு பதில் சொல்லிவிட்டது. அகமதாபாத்தில் எலா பட் தலைமையில் காய்கறி விற்பவர்களும் வீட்டில் தைப்பவர்களும் சேவா சங்கத்தைத் தொடங்கியபோது, முதலாளியே இல்லையே என்று அதிகாரிகள் பதிவு செய்யத் தயங்கினார்கள். சங்கம் என்பது உழைப்பவர்களின் ஒற்றுமைக்காக என்று வாதாடி 1972-இல் பதிவு வாங்கினார்கள். கூடைக்காரத் தாய்மார்களால் முடிந்தது, கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளால் முடியாதா?

ஆகவே நாங்கள் சொல்வது இது. முதலாவது, எந்தப் பார்ட்னர் ஒப்பந்தத்தையும் தனியாகக் கையெழுத்திட வேண்டாம். விலையை யார் வைக்கிறார்கள், வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம், எழுதிய மென்பொருள் யாருக்குச் சொந்தம், எத்தனை நாள் நோட்டீஸில் வெளியேற்றலாம் என்ற நான்கையும் நாலு பேர் கூடிப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வேலையை ஏற்பதற்கு முன்பே உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறுதொழில் செய்பவரின் பில்லுக்கு, வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பெரிய பார்ட்னர் கம்பெனி உள்வேலை கொடுத்துவிட்டுப் பணத்தை இழுத்தடித்தால், இந்தச் சட்டம்தான் ஆயுதம்.

மூன்றாவது, தாய்மார்களே, பயிற்சிக்கும் தேர்வுக்கும் என்று தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். முதலில் வேலை, பிறகு வில்லை.

நான்காவது, நம் பகுதியில் இப்படித் தொழில் செய்பவர்கள் எல்லோரும் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் ஒப்பந்தத் தாளையும் வராத பில்லையும் கையோடு கொண்டு வாருங்கள். பொதுவான குறைந்தபட்சக் கட்டணத்தை நாமே பேசி முடிவு செய்வோம். தேர்வு எழுதிய ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நிறுவனமாகப் பதிந்துகொள்ளவும் வழி பார்ப்போம். லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அந்தக் கூட்டுக்கே கூட்டாளி என்ற பெயர் பொருந்தும். தனித்தனியாகப் பிரிந்து பிறரிடம் பட்டம் வாங்கியது போதும். நமக்குள் நாமே கூட்டாளிகளாவோம்.